சக்கரத்துக்குத் தப்பிய எலுமிச்சை

ஸ்டேஷன் வாசலில் வைத்திருக்கிற குரோட்டன்ஸ் செடியைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள், ஐயா. மத்தியான வெயில் நேரே அதன் தலையில் இறங்குகிறது. யாரோ பீடித்துண்டை வேறு தொட்டியில் போட்டிருக்கிறார்கள். செடிக்கு வாய் இல்லை என்பதற்காக என்ன வேண்டுமானாலும் செய்துவிடுவதா?

என் பெயர் சண்முகவடிவு. அபிராமபுரத்தில் சொந்த வீடு. என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்குப் பூர்வீகம். ஒரே பிள்ளை, அய்யாதுரை. சரக்குக் கப்பலில் என்ஜின் பக்கம் வேலை. அவன் பெண்டாட்டிதான் புஷ்பம். அவளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன், எதையும் மறைக்க நான் வரவில்லை. ஆனால் மரத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். எழுதுகிற ஏட்டுத் தம்பி நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அய்யாதுரை முதன்முதலாகக் கப்பலேறக் கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. நாலாவது பழம் சக்கரத்தின் விளிம்பில் பட்டு உருண்டு, கோலத்தைத் தாண்டி என் காலடியில் வந்து நின்றது. அதில் ஒரு கீறல் இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். போகிற பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நசுங்க வேண்டியது நசுங்காமல் போனால், அதற்குப் பதிலாக எது நசுங்கும்? அன்றைக்கு அந்தக் கேள்வி என் அடிவயிற்றில் புகுந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பழத்துக்கு நல்ல நேரம், ரசத்தில் பிழிந்துவிடு என்றார். அவருக்குத் துணி கிழிந்தால்தான் கவலை. என்னால் அதைப் பிழியவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. புறவாசலில் ஒரு பழைய தொட்டியில் மண் நிரப்பி அப்படியே புதைத்தேன். முளைத்தது. இரண்டு இலை விட்ட அன்றுதான் அவனுடைய முதல் கடுதாசி வந்தது. அதற்கப்புறம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மரம் இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான்.

மரம் வளர வளரப் பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினேன். என் தோள் உயரம் வந்தது. போன வருஷம் பூத்தது. ஒருநாள்கூட நான் தண்ணீர் ஊற்றத் தவறியதில்லை. அவன் கல்யாணத்தன்றுகூட, பட்டுப்புடவையோடு வந்து ஊற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். அங்கே அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பம் சிரிக்கவில்லை. அவள் அப்பா சுயம்புலிங்கம் ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். செடி என்றால் என்ன என்று தெரிந்த வீட்டுப் பெண் என்று எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் தை மாதத்தோடு அய்யாதுரையின் கடுதாசி நின்றது. கம்பெனிக்குப் போய்க் கேட்டால் கப்பல் நடுக்கடலில் இருக்கிறது என்பார்கள். நடுக்கடல் என்பது ஒரு பதிலா, ஐயா? பங்குனியில் மரத்தின் இலை பழுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். பேப்பரில் எங்கேயோ ஒரு சரக்குக் கப்பல் புயலில் மாட்டியதாக நாலு வரி வந்தது. கப்பல் பேர் வேறு, தேசமும் வேறு. அன்றைக்குச் சாயங்காலம் மரத்தடியில் ஒரு கை இலை உதிர்ந்து கிடந்தது.

பயம் என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தந்திக்காரன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால், அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன். காலையில் எழுந்து புறவாசலுக்குப் போகப் பயமாக இருக்கும். போகாமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கும். மரத்தடியை முனியம்மாளைப் பெருக்க விடமாட்டேன். உதிர்ந்த இலையை நானே பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வேன். முனியம்மாள் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். எறும்பு ஏறாமல் தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டேன். வேப்பம்புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். யாரோ சொன்னார்கள் என்று துருப்பிடித்த ஆணிகளை மண்ணில் செருகினேன். கண்பட்டிருக்கும் என்று கறுப்புக் கயிறு கட்டினேன். எதற்கும் கேட்கவில்லை. இலையெல்லாம் துவண்டு தொங்கியது. துவண்டால் தாகம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? தண்ணீரைக் கூட்டினேன்.

இந்தக் கோடையில் பட்டணத்தில் தண்ணீர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். எங்கள் கிணறு வறண்டுவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும், அதுவும் நிச்சயமில்லை. குடத்தோடு போய் நின்று நான் சண்டை போடாத ஆளில்லை. வருகிற தண்ணீரில் முதலில் மரத்துக்கு, மிச்சம் எங்களுக்கு. வீட்டுக்காரர் கடைப் பையன்களோடு அங்கேயே குளித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் குடத்தைச் சாய்க்கப் போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிடாதிய அத்தே. இது தாகத்துல வாடல. தாகம்னா எல மொறமொறன்னு காயும். இது தொவண்டுலா கெடக்கு. மண்ண மோந்து பாருங்க, புளிச்ச வாடை அடிக்கு. தண்ணி வடிய வழியில்லாம உள்ள வேர் அழுகுது. எங்க கொடிக்கால்ல வெத்தலைக்கு இப்படித்தான் வரும்."

நான் கையை உதறிவிட்டு ஊற்றினேன். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அலச இரண்டு வாளி வேண்டும். மரத்துக்குப் போகிற தண்ணீரில் அவளுக்கு ஒரு கண் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணை நான் மோந்து பார்க்கவில்லை.

அடுத்ததை ஆம்பிளைகளிடம் சொல்ல எனக்குக் கூசுகிறது. எழுதுகிற தம்பி 'தூரம்' என்று மட்டும் எழுதினால் போதும். மாதத்தில் அந்த மூன்று நாள் பெண் வீட்டுக்குள் புழங்கக் கூடாது. பூச்செடி, கறிவேப்பிலை எதன் பக்கமும் போகக் கூடாது, கை பட்டால் பட்டுப்போகும். எங்கள் வீட்டில் தூரமானவள் புறவாசல் தாழ்வாரத்தில் இருப்பாள். மரமும் புறவாசலில்தான். இது எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆனதே என்று என்னையே நொந்துகொண்டேன். பூச்சி, எறும்பு, தண்ணீர் என்று எங்கெங்கோ தேடினேன், நோய் வீட்டுக்குள்ளேயே பாயை விரித்துப் படுத்திருந்தது.

சித்திரையில் அவள் தூரமானபோது மாடி அறைக்கு அனுப்பினேன். தகர ஷீட் போட்ட சின்ன அறை. உடைந்த நாற்காலியும் பழைய துணிப் பெட்டிகளும் கிடக்கும். கதவும் ஒரு காற்றுத் துவாரமும் தவிர வேறு வழி கிடையாது. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அறையைப் பெருக்கி, புதுப்பாய் போட்டு, பனை விசிறியும் வைத்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். மரம் அப்போதும் தேறவில்லை. அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் இறங்கி வருகிறாள் என்றுதானே அர்த்தம்?

வைகாசி பிறந்தது, அக்கினி நட்சத்திரம். வீட்டுக்காரர் விசாகத்துக்குத் திருச்செந்தூர் போனார், பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள. பக்கத்து வீட்டுக்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், இந்தப் பக்கம் காலி மனை. அவர் ரயிலேறிய மறுநாள் புஷ்பம் தூரமானாள். மாடிக்குப் போகச் சொன்னேன். ஒரு செம்பு தண்ணீரும் தயிர்சாதமும் வைத்துவிட்டு நானும் முனியம்மாளும் லாரிக்குப் போய் நின்றோம். நெடுநேரம் ஆனது.

திரும்பி வந்தால், தொட்டியைச் சுற்றி மண் சிந்திக் கிடந்தது. தொட்டியில் பழைய மண் இல்லை. மரம் புது மண்ணில் ஒருக்களித்து நின்றது. இருந்த இலையிலும் பாதி கீழே. நான் மேலே ஏறிப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். பத்து நகத்திலும் மண்.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். கோபமில்லை, ஐயா. அவள் முகமே எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் அய்யாதுரையின் கை மேலே வந்து வந்து போனதுதான் தெரிந்தது. நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்த மூன்று நாள் கழிந்தால் திறந்துவிடப் போகிறேன், அவ்வளவுதான்.

முதல் நாள் கதவைத் தட்டினாள். மறுநாள் லாரி வரவில்லை. காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் இருந்தது. மரத்தைப் பார்த்தேன், மொட்டையாகத் துவண்டு நின்றது. மாடியைப் பார்த்தேன். அங்கிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் முனியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மா, மேல யாரோ தட்ற மாதிரி கீது?"

வெயிலுக்குத் தகரம் அப்படித்தான் சத்தம் போடும் என்றேன்.

"தகரம் எங்கியாச்சும் தண்ணி கேக்குமாம்மா?"

அவளுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து அனுப்பினேன். அவள் சின்னம்மா, சின்னம்மா என்று மாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள். கேட்டைப் பூட்டினேன். மறுநாள் அவள் வந்து கேட்டை உலுக்கியதும் உண்மை. நான் உள்ளேதான் இருந்தேன். அவள் உங்களிடம் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

அந்த ஒரு குடத்தையும் நான் மரத்துக்கு ஊற்றினேன். எப்போதும் போல மெதுவாகத்தான் ஊற்றினேன். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. மண்ணுக்குள் போன வேகத்தில் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, புறவாசல் முழுக்க ஓடி, சாக்கடைக்குப் போனது. இத்தனை நாளில் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மாடிக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. தொட்டியை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

உள்ளே அவள் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் கீழேயிருந்து வந்தது.

"ஓட்டை அடைச்சுக் கெடந்துது அத்தே. கம்பியால குத்திவிட்டு, அழுகின வேரக் கிள்ளிட்டு, ஓட்டாஞ்சில்லு போட்டு மண்ண மாத்திருக்கேன். எல கொட்டும், பயந்துராதிய. பொறவு துளுத்துரும். அவுக நல்லபடியா வந்துருவாக. எனக்கு ஒரு வாய் தண்ணி தாங்க, தல சுத்துது."

தொட்டதை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கீழே வந்துவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் அத்தே என்றாள், அப்புறம் அம்மா என்றாள். நான் ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்துக்கொண்டு கந்தசஷ்டி சொன்னேன். அவளைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. கதவைத் திறந்தால் அவள் நேரே ஓடி வந்து மரத்தைக் கட்டிப் பிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் சத்தமில்லை. ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் விடிகாலையில் லாரி வந்தது. நிறையத் தண்ணீர். அவள் தலைக்குக் குளிக்க வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து, மாற்றுப் புடவையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன். கதவு தள்ள வரவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தாள். செம்பைக் கவிழ்த்து வாயருகில் பிடித்தபடி இருந்தாள்.

வற்றல் காயப்போட மாடிக்குப் போனவள் வெயில் தாங்காமல் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். அதற்காக அரிசி வற்றல் பிழிந்து ஒரு வேட்டியில் பரப்பியும் வைத்தேன். அவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பதினாறாம் நாள் முனியம்மாள் சுயம்புலிங்கத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதைப் பார்த்தேன். நீங்கள் வருவீர்கள் என்று அப்போதே தெரியும்.

ஆனால் அதற்கு முந்தின நாளே மரம் துளிர்த்துவிட்டது. கணுவுக்குக் கணு சிவந்த கொழுந்து. நான் புறவாசலில் தரையில் விழுந்து கும்பிட்டேன். துளிர்த்த மூன்றாம் நாள் தந்தி வந்தது. கப்பல் பம்பாய் வந்துவிட்டதாம், என்ஜின் பழுதாகி எங்கோ ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்ததாம். அய்யாதுரை நாளைக் காலை ரயிலில் வந்து இறங்குகிறான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பார்த்தீர்களா, ஐயா, நான் செய்தது வீண் போகவில்லை.

கடைசியாக இரண்டு கேள்வி கேட்டீர்கள். வீட்டைச் சோதனை போட்டவர்கள் பூஜை அறையில் பலகை போட்டு மூடிய பித்தளை அண்டாவைப் பார்த்தார்களாம். அந்த மூன்று நாளும் அது நிறைந்திருந்ததா என்கிறீர்கள். நிறைந்திருந்தது. தளும்பத் தளும்ப இருந்தது. வீட்டில் ஒரு குடம்தான் இருந்தது என்று நான் சொன்னதும் பொய்யில்லை. அண்டா, லாரி அடியோடு நின்றுபோகிற நாளுக்கு என்று வைத்தது, அதை நான் வீட்டுத் தண்ணீரோடு சேர்த்ததே கிடையாது. அது மரத்தினுடையது.

மண்ணை உண்மையிலேயே மோந்து பார்க்கவில்லையா என்பது இன்னொன்று. பார்த்தேன். அவள் சொன்ன அன்றைக்கே, அவள் உள்ளே போன பிறகு, குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். புளித்த வாடை அடித்தது. அவள் சொன்னது நிஜமென்றால் பங்குனியிலிருந்து என் பிள்ளையை என் கையாலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிறது. அதை என்னால் தாங்க முடியாது. யாருடைய கையாவது பட்டிருக்க வேண்டும், என் கையாக மட்டும் இருக்கக் கூடாது. அந்தப் பிடி மண்ணைத் திரும்பத் தொட்டியில் போட்டு, அதன்மேல் இன்னொரு குடம் ஊற்றினேன்.

பூட்டியது நான். தண்ணீர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. இருந்தும் கொடுக்கவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அய்யாதுரை வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் நல்லதுதான். அவனிடம் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அண்டாவில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கும், மரத்துக்கு ஊற்றட்டும். ஆனால் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மண்ணை மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்சமாக ஊற்றட்டும். தண்ணீர் தங்கினால் வேர் அழுகிவிடும்.